தாத்தா வாங்கிய பியாப்பன் நிலம்: பத்திரம் இருந்தால் கிடைக்குமா?

கேள்வி காரைக்குடிப் பக்கமிருந்து வந்திருக்கிறது. கேட்டவரின் தாத்தா பர்மாவில் பியாப்பன் ஊரில் லேவாதேவிக் கடை வைத்திருந்தவர். 1936-இல் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதாம், 40 ஏக்கர் நஞ்சை. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா, இப்போது அங்கே யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள், நம் ஆட்கள் யாராவது இன்னும் அங்கே நிலம் வைத்துப் பிழைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். நான் ரங்கூனில் பயறு, உளுந்து வியாபாரம் செய்கிறவன். அறுப்பு முடிந்தால் பியாப்பன் இருக்கிற ஐராவதி டெல்டா ஊர்களில்தான் அலைச்சல். அம்மா வழிச் சொந்தமும் தெடயே பக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். கிடைக்காது. 1948-இல் ஒரு நில தேசியமயச் சட்டம் வந்தது, 1953-இல் அதைவிட முழுமையாக இன்னொன்று. தானே உழுது பயிர் செய்யாதவர் கையிலிருந்த விவசாய நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு என்று சட்டத்தில் எழுதியிருந்தது, ஆனால் செட்டியார் வீடுகளில் அது வந்து சேர்ந்த கதையை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு 1974 அரசியல் சட்டமும் 2008 அரசியல் சட்டமும் நாட்டின் நிலம் முழுவதற்கும் அரசே இறுதி உரிமையாளர் என்று எழுதிவிட்டன. வெளிநாட்டவர் அசையாச் சொத்து வாங்கவோ கைமாற்றிக்கொள்ளவோ கூடாது என்று 1987-லும் ஒரு சட்டம் இருக்கிறது. இத்தனை பூட்டுக்கும் உங்கள் பத்திரத்தில் சாவி இல்லை. பழைய பத்திரத்துக்குப் பணம் வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது வந்தால் குடிக்க ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள், முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் அந்த 40 ஏக்கர் உங்கள் தாத்தா கைக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் இன்றைக்கு அங்கே இருப்பவர்களின் நிலையும் புரியும். வருஷத்தைப் பாருங்கள், 1936.

1852-இல் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனபோது ஐராவதி டெல்டா பெரும்பாலும் காடும் சதுப்பும். காட்டை வெட்டி உழுதவனுக்கே நிலம் என்பது பழைய வழக்கம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கு அரிசி போக ஆரம்பித்தது, மேல்பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து காடழித்தார்கள். 1850-களில் பத்து லட்சம் ஏக்கர் அளவில் இருந்த நெல் வயல் 1930-களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. மாடு, விதை, நடவுக் கூலி, முதல் விளைச்சல் வரைக்கும் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் கடன் வேண்டும். வெள்ளைக்கார பேங்கு வயல்காட்டுக்கு வராது. செட்டியார் வந்தார். நல்ல ஈடு இருந்தால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு போல வட்டி. மற்ற வட்டிக்காரர்களோடு பார்த்தால் அது மலிவு. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை மாதாமாதம் முடிவு செய்வார்கள். 1930-இல் பர்மா முழுக்க 1,600-க்கு மேல் கடைகள், முதல் 75 கோடி ரூபாய் என்று அப்போதைய அரசு விசாரணைக் குழு கணக்குப் போட்டது.

அவர்களுக்கு நிலத்தின் மேல் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. நிலம் ஈடு, அவ்வளவுதான். 1930-இல் உலகச் சந்தை விழுந்தது, நெல் விலை பாதிக்கும் கீழே போனது. வட்டி கட்ட முடியாத சம்சாரி நிலத்தை எழுதிக் கொடுத்தான். முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 ஏக்கர் செட்டியார் வசம் இருந்தது, 1937-இல் நூற்றுக்கு 25. உங்கள் பத்திரம் இந்த ஏழு வருஷத்துக்குள் எழுதியது. கிரயம் என்று போட்டிருந்தாலும் அனேகமாகக் கடனுக்கு ஈடாக வந்த நிலமாகத்தான் இருக்கும். பத்திரத்தில் பழைய பாக்கி கழித்தது பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்த பர்மாக்காரன் பெரும்பாலும் அதே வயலில் குத்தகைக்கு உழுதான், அல்லது அதே ஊரில் கூலிக்குப் போனான். 1930 டிசம்பரில் தாராவதியில் கிளம்பிய சாயா சான் என்பவரின் விவசாயிகள் கலகத்தின் அடியில் கிடந்த கோபத்தில் இதுவும் ஒரு பகுதி. இந்தப் பக்கத்தை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. தேக்கு மரமும் கண்ணாடியும் வந்த கதையைத்தான் பேசுவோம்.

1942-இல் ஜப்பான்காரன் வந்தான், முதலாளிகள் கப்பலிலும் மற்றவர்கள் கால்நடையாகவும் கிளம்பினார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களை 1948-ம் 1953-ம் முடித்தன. கடை கண்ணி வைத்திருந்தவர்களை 1964 முடித்தது: கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள், கப்பல் கப்பலாகச் சென்னைக்குப் போனார்கள். போகாமல் தங்கியவர்கள் முதலாளிகள் அல்ல. நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள், மாடு வைத்துப் பால் விற்றவர்கள், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்கள். டெல்டாவிலும் பெகு, சிரியம் பக்கமும் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தமிழர் அவர்களுடைய பேரன் பேத்திகள்தான்.

இப்போது அந்த வயல் யாரிடம் இருக்கும்? உழுதுகொண்டிருந்த குடும்பத்திடமோ, அரசு பிரித்துக் கொடுத்த குடும்பத்திடமோ, அவர்களிடம் வாங்கியவரிடமோ இருக்கும். 2012-இல் வந்த விவசாய நிலச் சட்டம் உழுகிறவருக்கு ஒரு சான்று கொடுக்கிறது. எல்லாரும் அதை ‘படிவம் 7’ என்றுதான் சொல்வார்கள். அது இருந்தால் நிலத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். நெல் வயலை வீட்டு மனையாகவோ மீன் குட்டையாகவோ மாற்ற வேண்டுமானால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கேட்காமல் தரிசாகப் போட்டால் சான்று ரத்தாகலாம். ஆக அதுவும் நம் ஊர்ப் பட்டா மாதிரி அல்ல, உழுகிற வரைக்கும் உன்னுடையது என்கிற உரிமை. அதே 2012-இல் தரிசு, புறம்போக்கு நிலத்துக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. அதை 2018-இல் திருத்தி, ஆறு மாதத்துக்குள் பதிவு செய்யாமல் அப்படிப்பட்ட நிலத்தைப் பயன்படுத்தினால் இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று போட்டார்கள். ஆற்றோரம் தலைமுறையாகக் காய்கறி போட்டு வந்தவனுக்குத் தன் நிலம் தாளில் தரிசு என்று எழுதியிருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

இதில் நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு முடிச்சு. படிவம் 7 வாங்கக் குடியுரிமை வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டம் ஆட்களை மூன்று வகையாகப் பிரித்து மூன்று நிறத்தில் அட்டை வைத்தது: முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, மற்ற இரண்டு வகைக்கும் நீலமும் பச்சையும். பட்டணத்துத் தமிழர் பலர் அலைந்து திரிந்து இளஞ்சிவப்பு வாங்கிவிட்டார்கள். வாய்க்கால் ஓரத்துத் தமிழனுக்குத் தாத்தாவின் காகிதம் எங்கே இருக்கும்? 1942 ஓட்டத்தில் தொலைந்தது பாதி, 2008 புயலில் போனது மீதி. அதனால் உழுகிறவர் ஒருவர், சான்றில் பெயர் இன்னொருவருடையது என்பது சகஜம். மனைவி பர்மாக்காரியாக இருந்தால் அவர் பெயரில், இல்லாவிட்டால் நம்பிக்கையான அக்கம்பக்கத்தார் பெயரில். நம்பிக்கை இருக்கும் வரை சரி. பெயர்க்காரர் இறந்து அவர் பிள்ளைகள் வந்து நின்றால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது? சொந்தமாக நிலம் வைத்து நன்றாக இருக்கிற தமிழர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. குறைவு.

நில உரிமை பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்று விட்டுப்போகும். டெல்டா கிராமங்களில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நிலமே கிடையாது. பர்மாவிலேயே நிலமற்றவர் மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்று இது. நடவு, அறுப்பு, மீன், நண்டு, விறகு, இவ்வளவுதான் வருமானம். நடவு முடிந்து அறுப்பு வரும் வரை வேலை இருக்காது. அரிசி வாங்க அறுப்புக் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள், அறுப்பு சமயத்துக் கூலியைவிடக் குறைவாக. நிலம் உள்ள சிறு விவசாயியும் தப்பவில்லை. மழைக்காலத்தில் பணம் வாங்கி, தை மாதம் நெல்லாகத் திருப்பும் கடனுக்கு ‘சபாப்பே’ என்று பெயர். கூடைக்கு (நெல் கூடை இங்கே 46 ராத்தல்) அறுவடை விலையில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ வைத்துக் கணக்குப் போடுவார்கள். அரசு விவசாய பேங்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் கொடுக்கிறது, அதுவும் 10 ஏக்கர் வரைக்கும்தான். உரத்துக்கும் டீசலுக்கும் கூலிக்கும் போதாது. போதாததைத் தெரு வட்டிக்கு வாங்குவார்கள், ஈடு இல்லாதவனுக்கு மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று போகும். உங்கள் தாத்தா காலத்து வட்டியை வைத்துப் பார்த்தால் அவர் தர்மவான். கடன் கொடுக்கிறவர் இப்போது அதே ஊர் நெல் வியாபாரியோ ஆலைக்காரரோதான். செட்டியார் போனதால் கடனும் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மீனைப் பிடித்துச் சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். ஏரி, ஓடை எல்லாம் வருஷா வருஷம் ஏலம். எடுத்தவர்தான் முதலாளி, வாசலில் ஓடுகிற ஓடையில் வலை போட அவருக்குப் பணம் கட்ட வேண்டும். மௌபின், துவாந்தே பக்கம் 1990-களிலிருந்து நெல் வயல்கள் பெரிய பெரிய மீன் குட்டைகளாக மாறின. அதில் எவ்வளவு விற்றது, எவ்வளவு பிடுங்கியது என்பது ஊருக்கு ஊர் வேறு கதை.

வீட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலம் இல்லாதவனுக்கு வீடும் பாதிதான் சொந்தம். ஆற்றங்கரையிலும் வெள்ளத் தடுப்புக் கரை மேலும் வரிசையாக வீடுகள். மனைக்குத் தாள் இருக்காது, ஊர்ப் பெரியவர் காட்டிய இடம். கரை அரித்தால் வீட்டைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டுவார்கள். எதிர்க்கரையில் மண் சேர்ந்து புதுத் திட்டு எழும்பும். அது யாருக்கு என்று அங்கே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும். வீடு மரக்கால் மேல் நிற்கும். கைக்காசு உள்ளவன் பிங்கடோ மரத்தில் கால் நடுவான், அது தண்ணீரில் நின்றாலும் இற்றுப்போகாது. இல்லாதவன் அலையாத்திக் காட்டுக் கம்பையோ மூங்கிலையோ நடுவான், அடியில் இற்றுக்கொண்டே வரும். தரை பிளந்த மூங்கில், சுவர் மூங்கில் தட்டி. கூரைக்கு ‘தனி’ என்கிற ஓலை. உப்பு கலந்த சேற்றில் தண்டு இல்லாமல் வளர்கிற பனை வகை அது. அதற்கென்றே தோப்பு வைத்திருப்பார்கள், நிலக் கணக்கில்கூட நெல் வயல் ஒரு வகை, ‘தனி’ ஓலைத் தோப்பு ஒரு வகை. ஓலையைக் குச்சியில் மடித்துத் தைத்துக் கீற்றாக விற்பார்கள். இரண்டு மூன்று மழை தாங்கும், பிறகு மாற்ற வேண்டும். தகரம் போட்டால் அந்தச் செலவு இல்லை, ஆனால் சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. அதனால் கொஞ்சம் வசதி வந்தவன் முன்பக்கம் தகரம், அடுப்படிக்கு ‘தனி’ ஓலை என்று வைப்பான். உள்ளே போனால் தெரியும், தட்டிச் சுவரில் புத்தர் மாடம். தமிழ் வீடாக இருந்தால் அதற்குப் பக்கத்தில் முருகன் காலண்டர், அதன் அடியில் சோலார் பேட்டரி. ஒரு பல்பும் போன் சார்ஜும் அதில் ஓடும். அரசு மின்சாரம் பல கிராமங்களை இன்னும் எட்டவில்லை, எட்டிய இடத்திலும் இந்த நான்கைந்து வருஷமாக நம்ப முடியாது.

எங்கு பார்த்தாலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. கீழ் டெல்டாவில் மாசிக்கு மேல் ஆற்றில் கடல் ஏறி வந்துவிடும். ஆழ்குழாய் போட்டாலும் பல இடத்தில் உப்பு. மழைத் தண்ணீரைப் பெரிய மண் ஜாடிகளில் பிடித்து வைப்பார்கள். துவாந்தே அந்த ஜாடிக்குப் பெயர் போன ஊர். வாசலில் எத்தனை ஜாடி நிற்கிறது என்று பார்த்தே வீட்டின் வசதியைச் சொல்லிவிடலாம். ஜாடி தீர்ந்தால் ஊர்க் குளம். குடிதண்ணீர்க் குளத்தைச் சுற்றி வேலி போட்டிருப்பார்கள், மாடு இறங்கக் கூடாது, கால் நனைக்கக் கூடாது, வாளியால் மொண்டுதான் எடுக்க வேண்டும். சித்திரையில் குளமும் வறண்டால் ரங்கூனிலிருந்து தண்ணீர் தானம் செய்கிறவர்கள் லாரியிலும் படகிலும் கொண்டுவருவார்கள். புத்தர் கோயில் கட்டுவதற்குச் சமமான புண்ணியம் என்று பர்மாக்காரர்கள் சொல்வார்கள். நம் கோயில் கமிட்டிகளும் சேர்ந்து செய்கிறார்கள்.

வயலுக்கும் இதே உப்புதான் எதிரி. கரையும் மதகும் இருந்தால் நெல், இல்லாவிட்டால் சேறு. மதகுக்காரன் எப்போது திறக்கிறான், எப்போது மூடுகிறான் என்பதில் ஊரே இரண்டாக நிற்கும். ஏலம் எடுத்த மீன்காரனுக்குக் கடல் தண்ணீர் உள்ளே வந்தால் மீனும் இறாலும் வரும், நெல்காரனுக்கு நாற்று கருகும். அறுப்புக்கு இறங்கினால் இன்னொரு பயம், கண்ணாடி விரியன். டெல்டா வயலில் அது அதிகம். விஷ முறிவு மருந்து பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில்தான், படகில் போய்ச் சேர வேண்டும்.

2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் அடித்தபோது இந்த வீடுகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. லபுட்டா, போகலே, பியாப்பன் பக்கம் பன்னிரண்டு அடி வரை கடல் ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 1,38,000-க்கு மேல். நான்கரை லட்சம் வீடு அடியோடு போனது. அடுப்புக் கரிக்காகவும் நெல்லுக்காகவும் அலையாத்திக் காட்டை முன்பே வெட்டித் தீர்த்திருந்தார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை. தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்தவர்களும், சிமென்ட் கட்டடமாக இருந்த மடத்துக்கு ஓடியவர்களும் பிழைத்தார்கள். வயலில் உப்பு, குளத்தில் உப்பு, மாடு செத்துப்போயிற்று. மாட்டுக்குப் பதில் கை டிராக்டர் வந்தது அதற்குப் பிறகுதான், அதுவும் கடனில். கடனைக் கட்ட முடியாமல் ஐந்தும் பத்துமாக ஏக்கர் வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டு ரங்கூன் லைந்தாயா தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் தாத்தா வயலின் இன்றைய சொந்தக்காரரும் அப்படிக் கிளம்பிப் போயிருக்கலாம்.

நல்ல சேதி ஒன்றும் உண்டு, அது என் தொழிலைப் பற்றியது, அதனால் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மார்கழியில் நெல் அறுத்ததும் அந்த ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப் பயறும் விதைக்கிறார்கள். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் குறைவு, மாசி பங்குனியில் கைக்குக் காசு. இங்கே உளுந்து சாப்பிடுகிற ஜனம் நாங்கள்தான், கொஞ்சம் பேர். மூட்டையில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது. நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியில் ஐராவதிக் கரை உளுந்து இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டில்லியில் இறக்குமதி விதியை மாற்றினால் அன்று மாலையே மௌபின் களத்துமேட்டில் விலை ஆடும். 2017-இல் இந்தியா இறக்குமதிக்கு அளவு கட்டியபோது விலை விழுந்து, விதைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இருந்தாலும் பல சிறு விவசாயிகள் சபாப்பேயிலிருந்து தலையை வெளியே எடுத்தது நெல்லால் அல்ல, இந்தப் பயறால்தான்.

2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கியாட் மதிப்பு விழுந்து உரமும் டீசலும் எங்கோ போய்விட்டன. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், 18 முதல் 35 வயது ஆண்களுக்கு. பையன்கள் தாய்லாந்துக்குக் கிளம்பிவிட்டார்கள், தமிழ்ப் பையன்களும்தான். நடவுக்குப் பெண்களும் வயதானவர்களும்தான் நிற்கிறார்கள்.

உங்கள் பத்திரம் ஒரு விஷயத்துக்கு உதவும். அதில் ‘குவின்’ எண் என்று ஒன்றும், அதற்குள் வயல் எண் ஒன்றும் இருக்கும். வெள்ளைக்காரன் அளந்து போட்ட நிலக் கட்டங்கள் அவை. இன்றைய படிவம் 7-லும் குவின் கணக்கு தொடர்கிறது. அந்த எண்ணும் ஊர்ப் பெயரும் இருந்தால் நிலம் எந்த இடம் என்று அனேகமாகக் கண்டுபிடித்துவிடலாம். பார்க்க ஆசை இருந்தால் நாட்டு நிலவரம் தணிந்த பிறகு வாருங்கள். ரங்கூனிலிருந்து மௌபின் வழியாகப் பியாப்பனுக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து படகு. டவுனில் தமிழ்க் கோயில் எங்கே என்று கேட்டுப் போனால் மொழிபெயர்க்க ஒரு ஆள் கிடைப்பார். வயலுக்குப் போகும்போது பத்திரத்தை எடுத்துப் போகாதீர்கள். எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். இந்தியாவிலிருந்து பழைய முதலாளியின் பேரன் பத்திரத்தோடு வந்திருக்கிறார் என்று ஒரு சொல் கிளம்பினால், உழுகிறவர் அன்றைக்கே படிவத்தைத் தூக்கிக்கொண்டு நில அலுவலகத்துக்கு ஓடுவார், அங்கே அவருக்குச் செலவு வைப்பார்கள்.

ஊரில் யாராவது கேட்டால் உளுந்து பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். நம்புவார்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள்.